சுரங்கத்திலிருந்து வந்த ஆசான்

1967ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரை அடுத்துள்ள தேசிய விளையாட்டரங்கிலே, ஸ்கொத்லாந்தின் செல்டிக் கழகம் இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்தை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அவ்வணியை ஆக்கிய முகாமையாளர் ஜொக் ஸ்டீன் என்பதை உதைபந்தாட்டத்தில் ஈடுபாடுடையோர் யாவரும் அறிவர். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த மாலைப்பொழுதிலிருந்தே தொடங்குவர். அதற்கு முந்திய காலத்தை, சிறிய கழகமொன்றிற் சாதாரண ஆட்டக்காரராக இருந்தார் என்ற ஒரே வசனத்தில் முடித்துவிடுவர். நான் அந்த ஒரு வசனத்தைச் சற்று விரித்துப் பார்க்க விரும்புகின்றேன். அதனுள்ளே பதினோராண்டு வாழ்வு அடங்கிக் கிடக்கின்றது. நெடுநாள் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், லிஸ்பனிலே வெளிப்பட்ட திறன் எந்தப் பள்ளியிற் பயிலப்பட்டது என்பதை அறியும் ஆவல் எனக்கு உண்டு.

ஸ்டீன் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாள், லனார்க்ஷயரில் ஹமில்டன் நகரை அடுத்த பேர்ன்பாங்க் என்னும் ஊரிலே பிறந்தார். அது நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. அவ்வூர்ப் பையன்கள் பள்ளியை விட்டதும் தந்தையரைப் பின்பற்றிச் சுரங்கத்துள் இறங்குதல் வழக்கம். ஸ்டீன் 1937இற் பள்ளியை விட்டார். சிறிது காலம் கம்பளத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். பின்னர் அவரும் சுரங்கத்துள் இறங்கினார். பூமிக்கு அடியிலே, விளக்கின் சிற்றொளியில், அருகில் நிற்பவன் தன் வேலையைச் செவ்வனே செய்வான் என்ற நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு உழைக்கும் தொழில் அது. ஒருவனின் கவனக்குறைவு பலரின் உயிரைப் பறித்துவிடும். இந்தப் பாடத்தை ஸ்டீன் தம் வாழ்நாள் முழுவதும் மறந்தாரில்லை.

அவ்வூர்ப் பையன்களுக்குச் சுரங்கத்திலிருந்து வெளியேற இருந்த வாயில்களுள் உதைபந்தாட்டமும் ஒன்று. ஸ்டீன் முதலிலே பிளான்டயர் விக்டோரியா என்னும் ஜூனியர் கழகத்திற்கு ஆடினார். ஸ்கொத்லாந்தில் ஜூனியர் என்ற சொல் வயதைக் குறிப்பதன்று. லீக் கழகங்களுக்குக் கீழ்ப்பட்ட தரத்தையே குறிப்பது. அங்கே ஆடியோர் வளர்ந்த, முரட்டுத் தொழிலாளிகள். அங்கிருந்து அவர் 1942இல் கோட்பிறிட்ஜ் நகரத்து அல்பியன் ரோவர்ஸ் கழகத்தை அடைந்தார். அவ்வாண்டு நவம்பரில், செல்டிக் கழகத்திற்கு எதிராக அவர் ஆடிய முதலாவது போட்டி நான்குக்கு நான்கு என்ற கோல் கணக்கிலே சமநிலையில் முடிந்தது. பிற்காலத்திலே தம் பெயருடன் இணைபிரியாது நிற்கப்போகும் கழகத்தை அவர் முதலில் எதிரணியாகவே சந்தித்தார்.

அது போர்க்காலம். நிலக்கரி நாட்டின் உயிர்நாடியாதலாற் சுரங்கத் தொழிலாளரைப் படையிற் சேர்க்கவில்லை. எனவே ஸ்டீன் கிழமை நாட்களிலே கரி வெட்டினார், சனிக்கிழமைகளிலே பந்தாடினார். போர் முடிந்த பின்னரும் இதுவே அவர் வாழ்க்கையாயிற்று. கோட்பிறிட்ஜிலுள்ள கிளிஃப்டன்ஹில் மைதானத்திற்குப் பெருங்கூட்டம் வருவதில்லை. கழகத்திற்குப் பணவசதியும் இல்லை. ஆட்டத்தாற் கிடைத்தது சுரங்கக் கூலிக்கு மேலதிகமான சிறு வருவாய். இரு தொழிலும் உடலை வருத்துவன. இவ்வாறு எட்டாண்டுகள் கழிந்தன.

ஆடுகளத்தில் அவர் ஆடிய இடம் 'சென்டர் ஹாவ்' எனப்படும் இடம். முற்காலத்தில் அது அரைவரிசை மூவருள் நடுவில் நிற்பவரின் இடமாய், முன்னணிக்கும் பின்னணிக்கும் இடையே பாலமாய் விளங்கியது. 1925இல் 'ஓவ்சைட்' விதி மாற்றப்பட்டபின், அவ்விடத்தவர் படிப்படியாகப் பின்வாங்கி, எதிரணியின் நடு முன்னணியாளரைத் தடுத்து நிற்பவராயினர். பெயர் நடுக்களத்திற்குரியது, கடமையோ காவல். ஸ்டீன் இக்கடமையை நாணயமாகச் செய்தார். உயர்ந்த பந்துகளைத் தலையால் அடிப்பதில் வல்லவர். ஆயினும் விரைந்து ஓட இயலாதவர். இடக்காலையே பெரிதும் நம்பியவர். கால் எட்டாத பந்தை முழங்காலாற் தட்டி அப்புறப்படுத்துவது அவர் தனி வழக்கம். ஸ்கொத்லாந்து தேசிய அணியின் சட்டையை அவர் ஒருநாளும் அணிந்ததில்லை. அழகிய ஆட்டத்தை நாடி வந்த ஒருவர் அவரைப் பார்த்திருந்தால், மறுகிழமை அவர் பெயரையே மறந்திருப்பார்.

1948இல் ரோவர்ஸ் கழகம் மேற்பிரிவுக்கு உயர்ந்தது. பெரிய கழகங்களுடன் சரியாசனத்தில் ஆடும் பேறு அதற்குக் கிடைத்தது. ஆனால் அடுத்த பருவ முடிவிலே அது பட்டியலின் அடியிலே கிடந்து மீண்டும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. கிழமைதோறும் தம்மிலும் வல்லாரை எதிர்கொண்டு, கிழமைதோறும் தோற்று, மறுநாள் விடியலிற் சுரங்கத்துக்குச் செல்லும் மனிதனின் மனநிலையை எண்ணிப் பார்க்கின்றேன். அத்தகையவன் இரண்டிலொன்றைச் செய்யலாம். மனங்கசந்து போகலாம், அல்லது தோல்வி எங்கிருந்து வருகின்றது என்று கூர்ந்து நோக்கலாம். பிறவித் திறன் நிரம்பியவனுக்கு இந்நோக்கு அவசியமில்லை. கால்கள் தாமே விடை சொல்லிவிடும். கால்கள் விடை சொல்லாதவனே ஆட்டத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டியவனாகின்றான். ஸ்டீனின் கல்வி இங்கேதான் தொடங்கியது என்பது என் துணிபு.

1950இல் அவர் துணிந்து ஓர் அடி எடுத்து வைத்தார். வேல்ஸ் நாட்டிலே, லீக்கிற்கு வெளியே இருந்த லனெல்லி என்னும் கழகம், கிழமைக்கு 12 பவுண் சம்பளத்தில் அவரை அழைத்தது. இருபத்தேழு வயதிலேதான் அவர் சுரங்கத்தை விட்டு முழுநேர ஆட்டக்காரரானார். தரத்தில் அது ஏற்றமன்று. இறக்கம் என்றே கூறலாம். ஸ்கொத்லாந்தில் அவரை நினைப்பாரில்லை. ஹமில்டனிலே பூட்டிக்கிடந்த அவர் வீடோ இருமுறை உடைக்கப்பட்டது. மனைவி ஊர் திரும்ப விரும்பினார். ஆட்டத்தை விட்டு மீண்டும் சுரங்கத்திற்கே போய்விடலாம் என்ற எண்ணம் ஸ்டீனின் உள்ளத்திலும் எழுந்தது. அக்காலத்தில் அவருடைய வரலாறு முடிந்திருந்தால், இன்று அவர் பெயரைச் சொல்வார் ஒருவரும் இரார்.

அவ்வேளையிற் செல்டிக் கழகத்துக்கு, இரண்டாம் அணியில் இளைஞர்களோடு நின்று ஆடி அவர்களை வழிநடத்த அனுபவமுள்ள ஒருவர் தேவைப்பட்டார். கழகத்தின் துணைப் பயிற்றுநர் ஜிமி கிரிபென் என்பவருக்கு அல்பியன் ரோவர்ஸின் பழைய சென்டர் ஹாவ் நினைவில் வந்தார். 1951 டிசெம்பரில் 1,200 பவுண் கொடுத்து ஸ்டீனை வரவழைத்தனர். முதலணியில் ஆடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஆடியோர் இருவரும் அடுத்தடுத்துக் காயமுற்றனர். வேறு வழியின்றி முதலணிக்கு எடுக்கப்பட்ட ஸ்டீன் அங்கேயே நிலைத்துவிட்டார். அணித்தலைவர் ஷோன் ஃபாலனின் கை முறிந்தபோது தலைமையும் ஸ்டீனைச் சேர்ந்தது.

இவ்விடத்திலே அவர் கொடுத்த விலையையும் கூறவேண்டும். செல்டிக், அயர்லாந்திலிருந்து வந்து கிளாஸ்கோவில் வறுமையில் வாடிய கத்தோலிக்க மக்களின் துயர் துடைப்பதற்காக 1887இலே தோற்றுவிக்கப்பட்ட கழகம். அதன் பெரும் போட்டிக் கழகமான ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்து மக்களின் கழகமாகக் கருதப்பட்டது. ஸ்டீன் புரட்டஸ்தாந்து குடும்பத்தவர். அவருடைய சுற்றமும் நட்பும் ரேஞ்சர்ஸ் பக்கத்தைச் சேர்ந்தவை. அவர் செல்டிக்கின் பச்சை வெள்ளைச் சட்டையை அணிந்ததும் இளமை நண்பர் சிலர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டனர். சொந்த ஊரிலேயே அந்நியரானார். ஸ்டீன் இதைப்பற்றி ஊரறியப் புலம்பவில்லை. செல்டிக் எந்த மதத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் கழகமாயிருந்தது என்பதே அவருக்குப் போதுமானதாயிற்று.

அவர் தலைமையிற் செல்டிக் 1953இல் முடிசூட்டு விழாக் கிண்ணத்தை வென்றது. ஆர்சனல், மன்செஸ்டர் யுனைற்றட் ஆகிய ஆங்கிலக் கழகங்களை வீழ்த்தி, இறுதியில் ஹிபேர்னியன் கழகத்தை இரண்டு கோல்களால் தோற்கடித்தது. 1954இல் லீக், ஸ்கொத்தியக் கிண்ணம் ஆகிய இரண்டும் கிடைத்தன. 1914க்குப் பின்னர் அவ்விரட்டைப் பேறு செல்டிக்கிற்கு வாய்த்தது அதுவே முதற்றடவை. அதற்குப் பரிசாகக் கழகம் தன் ஆட்டக்காரரைச் சுவிற்சர்லாந்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளைக் காண அழைத்துச் சென்றது. அங்கே ஸ்கொத்லாந்து உருகுவேயிடம் ஏழு கோல்களால் தோற்றதையும், ஹங்கேரியர் புதுமுறையில் ஆடியதையும் ஸ்டீன் கண்டார். பிறர் சுற்றுலாவாகக் கண்டதை அவர் பாடமாகக் கண்டார். ஊர் திரும்பிய பின்பு, உணவுச்சாலை மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் ஆட்டக்காரராக நகர்த்தி வைத்துத் தோழரோடு வாதிடுவது அவர் வழக்கமாயிற்று.

1955 ஓகஸ்டில் ரேஞ்சர்ஸ் கழகத்தோடு நடந்த போட்டியில் அவருடைய கணுக்கால் பழுதுற்றது. அது முற்றாகக் குணமாகவில்லை. 1957 தொடக்கத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். நடையிலே ஒரு தாங்கல் இறுதிவரை இருந்தது. கழகம் அவரை இரண்டாம் அணியின் பயிற்றுநராக்கியது. பில்லி மக்நீல், ஜோன் கிளார்க், பொபி மேர்டொக் போன்ற இளைஞர்கள் அவர் கைக்கு வந்தது அப்போதுதான். பத்தாண்டு கழித்து லிஸ்பனில் ஆடிய பதினொருவரில் இம்மூவரும் இருந்தனர். முன்பெல்லாம் பயிற்சி என்பது மைதானத்தைச் சுற்றி ஓடுதலாகவே இருந்தது. பந்தைக் கண்ணிற் காட்டாமலே பயிற்சியை முடிப்பாரும் உண்டு. ஸ்டீன் பந்தைக் கொடுத்தே பயிற்றினார். ஏன் இவ்வாறு ஆடவேண்டும் என்று காரணம் கூறியும் பயிற்றினார்.

ஆனாற் செல்டிக்கின் முகாமையாளராகும் வாய்ப்பு அவருக்குத் தென்படவில்லை. அதுவரை அப்பதவியைக் கத்தோலிக்கர் அல்லாதார் வகித்ததில்லை. மதமே தமக்குத் தடை என்று ஸ்டீன் கருதினார். அனுபவம் பெறுவதற்காகவே அவரை வெளியே அனுப்பியதாகக் கழகத் தலைவர் றொபேர்ட் கெலி பிற்காலத்திற் கூறினார். எது எவ்வாறாயினும், 1960 மார்ச்சில் ஸ்டீன் டன்ஃபேர்ம்லின் என்னும் சிறிய கழகத்திற்குச் சென்றார். அது கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் தறுவாயில் இருந்தது. அவர் வந்த பின் ஆடிய முதல் ஆறு போட்டிகளிலும் அது வென்றது. முதல் வெற்றி செல்டிக்கிற்கு எதிரானது. அடுத்த ஆண்டிலேயே, இறுதிப் போட்டியின் மறுவாட்டத்திற் செல்டிக்கை வென்று, தன் வரலாற்றிலே முதன்முறையாக ஸ்கொத்தியக் கிண்ணத்தைப் பெற்றது. தோல்வியில் ஊறிய சிறு கழகத்தின் உள்ளத்தை உள்ளிருந்து அறிந்தவர் ஸ்டீன். அல்பியன் ரோவர்ஸில் எட்டாண்டு இருந்தவருக்கு அந்நோயின் குணங்குறிகளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1963இல் அவர் இத்தாலிக்குச் சென்று, புகழின் உச்சியிலிருந்த இன்டர் மிலான் பயிற்றுநர் ஹெலெனியோ ஹெரேராவின் முறைகளை நேரிற் கண்டு கற்றார். முதலிற் காவல், பின்னரே தாக்குதல் என்பது ஹெரேராவின் நெறி. ஸ்டீன் அதைக் கற்றார், ஆனால் மேற்கொள்ளவில்லை. 1964இல் ஹிபேர்னியன் கழகத்தை ஏற்றார். 1965 மார்ச்சிற் செல்டிக் அவரை முகாமையாளராக அழைத்தது. முதலில் ஷோன் ஃபாலனோடு பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுமாறு கூறப்பட்டபோது அவர் மறுத்தார். அணியைத் தெரிவு செய்யும் உரிமை அதுவரை பெரிதும் கழகத் தலைவரிடமே இருந்தது. அவ்வுரிமை முழுவதும் தமக்கு வேண்டும் என்றார், பெற்றார். ஃபாலன் மனங்கோணாது அவருடைய துணைவரானார். சில கிழமைகளுள், 1957க்குப் பின் பெரிய கிண்ணம் எதையும் காணாத செல்டிக், ஸ்கொத்தியக் கிண்ணத்தை வென்றது.

ஸ்டீன் நட்சத்திரங்களை விலைகொடுத்து வாங்கிக் குவிக்கவில்லை. ஏற்கெனவே இருந்தோரைப் புதிய கண்ணாற் பார்த்தார். முன்னணியில் ஆடிய மேர்டொக் வேகங் குறைந்தவர். ஆனால் நீண்ட தூரத்திற்குப் பந்தைத் துல்லியமாய் அனுப்பவல்லவர். ஸ்டீன் அவரைப் பின்னிழுத்து நடுக்களத்தில் நிறுத்தினார். விங்கில் ஆடிய பேர்டி ஓல்டையும் அவரருகே கொண்டுவந்தார். இவ்விருவருமே அணியின் இதயமாயினர். கோல் காப்பாளர் றொனி சிம்சனுக்கு லிஸ்பனில் வயது 36. இவரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஹிபேர்னியனிலிருந்து செல்டிக்கிற்கு விற்றவர் ஸ்டீனே. அத்தீர்ப்பை மாற்றிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. ஒருவனிடம் இல்லாததைக் குறைகூறாது, இருப்பதற்கேற்ற இடத்தைத் தேடிக்கொடுத்தல் நல்லாசிரியர் செயல். தம்மிடமே எவை இல்லை என்பதைப் பதினோராண்டு எண்ணிப் பார்த்தவருக்கு அது எளிதாகக் கைவந்தது.

லிஸ்பனில் ஆடிய பதினொருவரும் செல்டிக் மைதானத்திலிருந்து ஏறக்குறைய 30 மைல் வட்டத்துள் பிறந்தவர்கள். 7ஆம் நிமிடத்திலே இன்டர் மிலான் தண்ட உதை மூலம் கோல் பெற்றது. பின்னர் ஹெரேராவின் நெறிப்படி காவலுக்குள் ஒதுங்கியது. செல்டிக்கோ அலைமேல் அலையாகத் தாக்கியது. 63ஆம் நிமிடத்தில் ரொமி கெமில் தொலைவிலிருந்து அடித்த பந்து கோலானது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், மேர்டொக் கோலை நோக்கி அடித்த பந்தை ஸ்டீவி சால்மேர்ஸ் தொட்டுத் திருப்பி வெற்றிக் கோலாக்கினார். அதுவரை இலத்தீன் நாடுகளின் உடைமையாக இருந்த கிண்ணம் முதன்முறையாக வடக்கே சென்றது. அப்பருவத்திற் செல்டிக் ஈடுபட்ட ஐந்து போட்டித் தொடர்களிலும் வென்றது. 1966 முதல் 1974 வரை லீக்கையும் தொடர்ந்து ஒன்பது முறை தனதாக்கியது.

ஆயினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் என் நோக்கமன்று. 1970இல் மீண்டும் ஐரோப்பிய இறுதிப் போட்டிக்குச் சென்றபோது, நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கழகத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார். லிஸ்பனில் வென்ற அதே மேர்டொக்கும் ஓல்டும் நடுக்களத்தில் இருவராய் நிற்க, எதிரணியினர் மூவராய் நின்று ஆட்டத்தைத் தம்வசப்படுத்தினர். மேலதிக நேரத்திலே செல்டிக் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றது. சிறியவர்களாய் எண்ணப்பட்டோர் பெரியவர்களை வீழ்த்தும் வித்தையை உலகிற்குக் காட்டியவர், அதே வித்தைக்குத் தாமே இரையானார்.

1971 ஜனவரி 2ஆம் நாள், ரேஞ்சர்ஸின் ஐப்ரொக்ஸ் அரங்கிலே இரு கழகங்களும் ஆடிய போட்டி முடிந்து கூட்டம் வெளியேறுகையில், படிக்கட்டு நெரிசலில் 66 பேர் மாண்டனர். காயமுற்றோருக்கு உதவிய கைகளுள் ஸ்டீனின் கைகளும் இருந்தன. மதப்பகையின் பேரில் நட்பை இழந்த அம்மனிதர், அன்று யார் எப்பக்கம் என்று பார்த்திருக்க மாட்டார்.

1975 யூலையில் வீதி விபத்தொன்றில் அவர் உயிர் மயிரிழையில் தப்பியது. ஓராண்டு ஓய்வின்பின் மீண்டு வந்து, 1977இல் லீக்கையும் ஸ்கொத்தியக் கிண்ணத்தையும் வென்றார். ஆனால் அடுத்த பருவம் சரிவில் முடிந்தது. 1978இல் அவருடைய மாணவரான பில்லி மக்நீல் அவரிடத்தில் அமர்த்தப்பட்டார். ஸ்டீனுக்குக் கிடைக்கவிருந்தது, கழகத்திற்குப் பணம் திரட்டும் பணியோடு கூடிய ஒரு பதவி. அதை அவர் ஏற்கவில்லை. லீட்ஸ் கழகத்தில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு, ஸ்கொத்லாந்து தேசிய அணியைப் பொறுப்பேற்றார். ஆட்டக்காரராய் ஒருநாளும் அணியாத தேசச் சட்டையை எவர் அணிவார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முதுமையில் அவரிடம் வந்தது. 1982இல் அவ்வணியை ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றார். 1984இலும் 1985இலும் சுரங்கத் தொழிலாளர் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, அவர்களுக்காகத் திரட்டப்பட்ட நிதிக்குத் தாமும் கொடுத்தார்; உடனிருந்தோரையும் கொடுக்கச் செய்தார்.

1985 செப்டெம்பர் 10ஆம் நாள், வேல்ஸின் கார்டிஃப் நகரில், அடுத்த உலகக் கிண்ணத்துக்கான தகுதிப் போட்டி நடைபெற்றது. ஸ்கொத்லாந்துக்குச் சமநிலை போதும். முதலில் வேல்ஸ் கோல் பெற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் டேவி கூப்பர் தண்ட உதையால் அதைச் சமப்படுத்தினார். இறுதி ஊதல் ஒலிக்குமுன் ஸ்டீன் களத்தோரத்திலே சரிந்து விழுந்தார். அரங்கின் மருத்துவ அறையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 62. முன்னொருகால் மறக்கப்பட்ட ஆட்டக்காரராய் அவர் சம்பளத்துக்கு ஆடிய அதே வேல்ஸ் நாட்டிலேயே அவருடைய வாழ்வு முடிந்தது. அவர் துணைவராயிருந்த அலெக்ஸ் ஃபேர்கசன் அப்பணியை ஏற்று, அணியை மெக்சிக்கோவுக்கு அழைத்துச் சென்றார்.

செல்டிக் மைதானத்தின் முன்னே, ஐரோப்பியக் கிண்ணத்தைக் கையிலேந்திய கோலத்தில் ஸ்டீனுக்குச் சிலை உண்டு. அது 2011இல் திறந்துவைக்கப்பட்டது. அல்பியன் ரோவர்ஸோ 2023இல் ஸ்கொத்திய லீக்கின் நான்கு பிரிவுகளிலிருந்தும் வெளியேற நேர்ந்தது. சிலையைக் காணச் செல்வோர் பலர். கிளிஃப்டன்ஹில்லை நினைப்போர் சிலர். வகுப்பிலே முதல் வரிசையிலும் இல்லாது, கடைசி வரிசையிலும் இல்லாது, நடுவில் அமைதியாய் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் பலரை நான் கண்டிருக்கின்றேன். பரிசளிப்பு விழாக்களில் அவர்கள் பெயர் வாசிக்கப்பட்டதில்லை. என் நினைவிலும் பலர் பெயர் தங்கவில்லை. ஸ்டீனின் வாழ்வைப் படித்த பின்பு, அவர்களில் எவரை நான் சரியாகப் பாராமல் விட்டேனோ என்ற எண்ணம் என்னை அடிக்கடி வருத்துகின்றது.